சாவித்ரி பார்க்காத தீவு

சாம்பசிவனுக்குப் பார்வை போய்க்கொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தவன் முகம் தெரியாத ஒரு பைக் ஓட்டி. பெருங்களத்தூர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, காய்கறிப் பையோடு ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கப் போனவரை உரசிக்கொண்டு போய் நின்றது அந்த வண்டி.

“யோவ் பெரிசு, இன்னா நீ? ஹாரன் அட்ச்சிகினே வரேன், நேரா வந்து வண்டி மேல வுழுறியே. கண்ணு கீதா, இல்லியா?”

வீட்டுக்கு வந்து முழங்கைச் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டே சாம்பசிவன் மனைவியிடம் சொன்னார். “அவன் கேட்டதுல தப்பே இல்ல சாவித்ரி. ஹாரன் கேட்டுது. வண்டி எங்கன்னுதான் தெரியல.”

கண் மருத்துவர் க்ளாகோமா என்றார். இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை எப்போதோ போய்விட்டது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் அவர் இத்தனை நாளாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அது அவருக்கே தெரியவில்லை. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

சாவித்ரி அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. மருத்துவர் பேசப் பேச அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ‘இனி இவர் அந்தத் தீவைப் பார்க்க முடியாது’ என்பது மட்டும்தான் மனதில் வந்தது. அந்த நினைப்பு தனக்கு ஏன் வந்தது என்று யாரிடமும் அவளால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தத் தீவிலிருந்து அவரைப் பிடுங்கிக்கொண்டு வந்தவளே அவள்தான்.

கல்யாணமான புதிதில், தொண்ணூறாம் ஆண்டு, சாம்பசிவனுக்குத் தொலைபேசித் துறையில் கிரேட் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் வந்தது. இந்தியாவின் தெற்குக் கடைசி. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி போர்ட் பிளேர், அங்கே நாள்கணக்கில் காத்திருந்து இன்னொரு கப்பல், அது தீவு தீவாக நின்று நின்று கடைசியில் கேம்பல் பே. இரண்டு வருஷம் இருந்தால் போதும், பிறகு கேட்ட ஊர் கிடைக்கும் என்றார்கள். தாம்பரம் சண்முகம் சாலையின் நெரிசலிலேயே வளர்ந்தவள் சாவித்ரி. கப்பலில் வாந்தி எடுத்தே பாதி ஆளாகித்தான் அங்கே போய் இறங்கினாள்.

கடலைப் பார்த்த குவார்ட்டர்ஸ். வாசலில் புன்னை மரம், பக்கவாட்டில் தாழம்புதர், பின்னால் ஒரு சின்ன ஓடை, ஓடையைத் தாண்டினால் காடு. சாம்பசிவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் வாசலிலேயே நின்றார். சாவித்ரி உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்தினாள்.

இரண்டு வருஷமும் அவை அநேகமாகச் சாத்தியே இருந்தன. காற்றில் மணல் வரும், பூச்சி வரும், வாலை நீட்டிக்கொண்டு குரங்கு வரும். ஒரு நாள் மத்தியானம் முறம் அகலத்துக்கு ஒரு தென்னை நண்டு சமையலறைக்குள் வந்து, தேங்காய் மூடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சாவித்ரி கட்டில் மேல் ஏறி நின்று கத்தினாள். சாம்பசிவன் ஓடி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒரு கழியைக் கொடுத்து அதைப் பிடித்துக்கொள்ள வைத்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய்த் தாழம்புதரில் விட்டுவிட்டு வந்தார். “இது மரம் ஏறும் தெரியுமா?” என்றார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த குவார்ட்டர்ஸில் மெட்டில்டா இருந்தாள். தூத்துக்குடிப் பக்கம், தீவின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவர் ஆசீர் வனத்துறைக் காவலர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆசீரின் ஜீப்பில் சாம்பசிவனும் கிளம்பிவிடுவார். மெட்டில்டாவும் சில சமயம் போவாள். “நீங்களும் வாங்கக்கா, ஒரு தடவை வந்து பாருங்க” என்று ஜன்னலைத் தட்டிக் கூப்பிடுவாள். சாவித்ரிக்குத் தலைவலி இருக்கும், துவைக்க வேண்டியது இருக்கும், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியது இருக்கும்.

சாயங்காலம் கருத்துப்போய், கால் முழுக்கச் சேறும் மணலுமாக சாம்பசிவன் திரும்புவார். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்வார். இலைச் சருகையும் மண்ணையும் காலால் வாரி ஆள் உயரத்துக்குக் குவித்து, அதற்குள் முட்டையிடும் ஒரு பறவை. அடைகாக்கவே காக்காது. மண்ணின் சூடே போதும். ஆற்று முகத்துவாரத்தில் வாயைத் திறந்து வெயில் காயும் முதலை. மாட்டு வண்டி அளவு ஆமை, அதன் குஞ்சு மட்டும் உள்ளங்கை அளவு, விடிகிற நேரத்தில் கடலைப் பார்த்து ஓடுகிற ஓட்டம்.

“குளிச்சிட்டு வாங்க. சாதம் ஆறுது” என்பாள் சாவித்ரி.

இரண்டு வருஷம் முடிகிற சமயம் அவள் கர்ப்பமானாள். பிரசவத்துக்குத் தாம்பரம் வந்தாள். நித்யஸ்ரீ பிறந்த பிறகு சாம்பசிவன் தயங்கித் தயங்கி அந்தப் பேச்சை எடுத்தார். இன்னும் மூன்று வருஷம் அங்கேயே நீட்டிப்புக் கேட்கலாமா? குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் திரும்பிவிடலாம்.

சாவித்ரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். “நீங்க வேணும்னா அங்கேயே இருந்துக்கோங்க. நானும் இவளும் வரமாட்டோம்.”

அவர் வாதாடவில்லை. கப்பல் ஏறிப் போய், சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கிண்டியில் வேலை. பெருங்களத்தூரில் முதலில் வாடகை வீடு, பிறகு சொந்தமாக ஒரு அடுக்கு மாடி வீடு, மூன்றாவது தளம். கீழே பார்த்தால் தெற்கே போகும் பேருந்துகள். அவர் தீவைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் தங்கை சுப்ரஜா கோவிலம்பாக்கத்தில் இருந்தாள். அங்கே போகும்போதெல்லாம், காப்பி குடித்ததும் ‘இதோ வரேன்’ என்று கிளம்பி, சதுப்பு நிலத்துப் பக்கம் போய் சாலையோரத்தில் நின்றுவிடுவார். நாரை, பூநாரை, தாழைக்கோழி. மாலை கவிந்த பிறகுதான் திரும்புவார். “வந்த இடத்துல நாலு பேரோட பேசாம, அந்தக் குப்பைமேட்டுப் பக்கம் போய் நிக்கறீங்களே” என்று சாவித்ரி கடிந்துகொள்வாள்.

பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் அவள் கரும்பலகையில் இந்தியா படம் வரைவாள். வங்காள விரிகுடாவில் மேலிருந்து கீழாகப் புள்ளிகள் வைத்து, “இது அந்தமான், இது நிக்கோபார்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள். தான் அங்கே இருந்தவள் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சாத்திய ஜன்னலைப் பற்றியா?

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் வந்தது. தொலைக்காட்சியில் மெரினாவையும் நாகப்பட்டினத்தையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். தீவைப் பற்றித் தகவலே இல்லை. சாம்பசிவன் அலுவலகத்திலேயே கிடந்தார். பல நாள் கழித்துத்தான் செய்தி தெரிந்தது. அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசை இல்லை. தீவின் தென்பகுதியே கடலுக்குள் இறங்கிவிட்டது. ஆசீர் ஆமைகளைப் பார்த்துக்கொள்ளக் கடற்கரையில் கூடாரம் போட்டிருந்தார், அவர் போய்விட்டார். மேட்டில் இருந்த தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனையில் இருந்ததால் மெட்டில்டா பிழைத்தாள்.

உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். “சாவித்ரி அன்னிக்குப் பிடிச்ச பிடிவாதம்தான் உங்க குடும்பத்தையே காப்பாத்திச்சு.” அவளுக்கும் அது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது. அதுவரை உள்ளே எங்கோ உறுத்திக்கொண்டிருந்த ஒன்றுக்கு மருந்து கிடைத்தது போல, அந்த வார்த்தையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

பத்து வருஷம் கழித்து ஒரு நாள் அதை எடுத்து வீசவும் செய்தாள். அலுவலகத்தில் குடும்பத்தோடு ஊர் சுற்றிவரச் சலுகை இருந்தது. கேம்பல் பே போகலாமா என்று சாம்பசிவன் கேட்டார். சாவித்ரி சுப்ரஜாவோடு காசிக்குப் போவதாக முடிவு செய்து வைத்திருந்தாள்.

“திரும்பவும் அங்கேயா? அங்கேயே இருந்திருந்தா ஆசீரோட நீங்களும் போயிருப்பீங்க. நான் வரமாட்டேன்னு சொன்னதாலதான் இன்னிக்கு இங்க உட்கார்ந்து பேசறீங்க.”

சாம்பசிவன் செய்தித்தாளை மடித்தார். “ஆமா. இங்க உட்கார்ந்துதான் இருக்கேன்” என்றார்.

அவர்கள் காசிக்குப் போனார்கள்.

ரயிலில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சாவித்ரி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். அவர் கேட்டது மூன்றே வருஷம். தொண்ணூற்று ஐந்தில் திரும்பியிருப்பார்கள். கடல் வந்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து. அவள் பிடிவாதம் யாரையும் காப்பாற்றவில்லை. இந்தக் கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கும், ஒரு தடவைகூட அவர் சொல்லிக்காட்டவில்லை என்று நினைத்தபோது கையில் இருந்த சப்பாத்தியைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தாள். அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லவில்லை.

அந்த பைக் ஓட்டி திட்டியது அதற்கு நான்கு வருஷம் கழித்து. பார்வை இவ்வளவு வேகமாகப் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சாம்பசிவன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். ஒரு தடவை தீவுக்குப் போய் வரலாம் என்று நினைத்தபோது கொரோனா வந்தது. அது ஓய்வதற்குள் குழாய் ஊசித் துவாரமாகி, பிறகு அதுவும் மங்கி, வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டார்.

போன வருஷப் பொங்கல். ஊருக்குப் போகிற கூட்டத்தில் சாலை முழுக்க வண்டிகள் நகராமல் நின்று அலறிக்கொண்டிருந்தன. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சாம்பசிவன் சொன்னார். “சாவித்ரி, அங்க மழை வர்றதுக்கு முன்னாடி காடு அப்படியே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தும். இலைகூட அசையாது. அப்புறம் கடல் பக்கத்துலேருந்து மழை நடந்து வர்ற சத்தம் கேட்கும். உனக்கு ஞாபகம் இருக்கா?”

அவளுக்கு ஞாபகம் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்திருப்பாள்.

“இருக்குங்க” என்றாள். அன்றைக்கே மகளுக்குப் போன் செய்தாள். நித்யஸ்ரீ நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். டிக்கெட் போடுவது, அனுமதி வாங்குவது எல்லாம் அவள் கை.

“அம்மா, இப்ப அங்க போயி அப்பாவுக்கு என்னம்மா தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல?” என்றாள் சாவித்ரி.

பிறகு சாம்பசிவனிடம் விஷயத்தைச் சொன்னாள். “உனக்கு அந்த இடம் பிடிக்காதே” என்றார் அவர்.

“பிடிக்குமா பிடிக்காதான்னு நான் பார்த்தாதானே தெரியும்.”

பிப்ரவரியில் கிளம்பினார்கள். போர்ட் பிளேர் வரை விமானம், அங்கிருந்து பழையபடி கப்பல். இந்தத் தடவை அவளுக்கு வாந்தி வரவில்லை. மேல்தளத்தில் அவர் கையைக் கம்பியில் பிடிக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். திடீரென்று பயணிகள் “அதோ, அதோ” என்று கத்தினார்கள். சாம்பசிவனும் ஆர்வமாகத் திரும்பினார், தப்பான பக்கம். சாவித்ரி அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“மீன் பறக்குதுங்க.”

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“முப்பது வருஷம் பசங்களுக்குப் பாடம் எடுத்தவ. பரீட்சைல ஒருத்தன் ‘நல்லா இருக்கு’ன்னு மட்டும் எழுதினா மார்க் போடுவியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி பார்த்தாள். “தண்ணிக்குள்ளேருந்து யாரோ ஊசிங்களை வாரி எறியற மாதிரி வருது. கூட்டமா. ரொம்ப உயரம் இல்ல, அலைக்கு மேல ஒரு முழம். ஒண்ணு மட்டும் விழாம போய்க்கிட்டே இருக்கு… இன்னும் போகுது… இப்பதான் விழுந்துச்சு.”

“ம்” என்றார் சாம்பசிவன். முகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. “அந்த ஒண்ணு எப்பவும் இருக்கும்.”

கேம்பல் பே துறையில் மெட்டில்டா நின்றிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. சாம்பசிவனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அண்ணே, எப்படிப் போனீங்க, எப்படி வந்திருக்கீங்க” என்று அழுதாள். கடல் வந்துபோன பிறகு அரசாங்கம் மேட்டில் கட்டிக் கொடுத்த தகரக் கூரை வீட்டில் தனியாக இருந்தாள். ஊருக்குத் திரும்பி வரச் சொல்லி உறவுகள் கூப்பிட்டும் போகவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் காட்டுப் பாதையில் நடந்தார்கள். மேலே எங்கோ, வெறும் பானைக்குள் வாய் வைத்து ஊதுவது போல ஒரு குரல் கேட்டது. சாம்பசிவன் அப்படியே நின்றுவிட்டார்.

“மேல பாரு சாவித்ரி. வெள்ளையா, இறக்கை நுனி மட்டும் கறுப்பா இருக்கா?”

“ஆமாங்க. ரெண்டு இருக்கு. பால்ல முக்கி எடுத்த மாதிரி வெள்ளை.”

“புறா. அதேதான்” என்றார். இருபத்தெட்டு வயசு சாம்பசிவன் பேசுவது போல இருந்தது.

கொஞ்ச தூரத்தில், சருகைக் கிளறிக்கொண்டு இன்னொரு பறவை நடந்து வந்தது. சாவித்ரி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். கழுத்தில் பிடரி மயிர் போல நீளமான இறகுகள். முதுகு பச்சையா, செம்பா, நீலமா என்று சொல்ல முடியாதபடி அது திரும்பத் திரும்ப நிறம் மாறியது. வால் மட்டும் சின்னதாக, சுத்தமான வெள்ளை.

“மாம்பழக் கலர்ல பச்சைக் கரை வச்ச பட்டுப் புடவையை வெயில்ல பிரிச்சா ஒரு மின்னு மின்னுமே… அது இல்ல. இருங்க, அது இல்ல. மயில் கழுத்தா… அதுவும் இல்லைங்க. எனக்குச் சொல்லத் தெரியல.”

“பரவாயில்ல. எனக்குத் தெரியுது” என்றார் அவர் மெதுவாக. “நம்ம ஓடைக்குப் பின்னாடி தினம் வரும் அது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல.”

சாவித்ரி அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷம், தினமும், அவள் சாத்தி வைத்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

மத்தியானம் சாம்பசிவன் பழைய குவார்ட்டர்ஸ் இருந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றார். மெட்டில்டா வேண்டாம் என்று சாவித்ரிக்கு ஜாடை காட்டினாள். சாவித்ரிக்கு அந்த ஜாடை புரியவில்லை. ஒரு ஜீப்பில் போய், சாலை முடிகிற இடத்தில் இறங்கினார்கள்.

“புன்னை மரம் இருக்கா?” என்று கேட்டார்.

அந்த ஒன்றரை நாளில் சாவித்ரி பார்ப்பதைப் பார்த்தபடி சொல்லப் பழகியிருந்தாள். அவருக்காக எதையும் விடாமல் சொல்ல வேண்டும் என்று ஒரு வெறியே வந்திருந்தது.

“இல்லைங்க. எதுவும் இல்ல.”

“தாழம்புதர்? ஓடை?”

“கடல்தாங்க இருக்கு. நாம இருந்த இடம் எதுன்னே தெரியல. தண்ணிக்குள்ள செத்த மரம் வரிசையா நிக்குது, பட்டை இல்லாம, எலும்பு மாதிரி. சிமெண்ட் படி ஒண்ணு இருக்கு. மூணு படி. அதுக்கு மேல வீடு இல்ல.”

சாம்பசிவன் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, “போலாம்” என்றார்.

அன்று மாலை சமையலறையில் மீனைக் கழுவிக்கொண்டே மெட்டில்டா சொன்னாள். “அந்தக் காலத்துல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் கேப்பேன், ‘என்னண்ணே, அக்கா வரலையா’ன்னு. ‘அடுத்த வாரம் வருவா’ம்பாரு. ஒரு வாரம்கூட ‘அவளுக்குப் பிடிக்கல’ன்னு சொன்னதே இல்ல. ஜீப்புல உங்களுக்குன்னு இடம் விட்டுத்தான் உட்காருவாரு. எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாரு.”

சாவித்ரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூடியில் தேங்காய் தீர்ந்து ஓடு தேயும்வரை துருவிக்கொண்டே இருந்தாள்.

ஆசீர் பார்த்துக்கொண்ட ஆமைக் கடற்கரையும் கடலோடு போய்விட்டது. ஆனால் மணல் வேறொரு இடத்தில் சேர்ந்து புதிதாக ஒரு கரை உண்டாகியிருந்தது. ஆமைகள் எப்படியோ அதைக் கண்டுபிடித்து வந்துவிட்டன என்று மெட்டில்டா சொன்னாள். வனத்துறையில் ஆசீரை அறிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். வேலி கட்டிப் பாதுகாத்த முட்டைகளில் ஒரு குழி பொரியப் போகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். விடிகிற நேரத்தில் மூவரும் போய் மணலில் உட்கார்ந்தார்கள்.

மணல் முதலில் ஓர் இடத்தில் லேசாகக் குழிந்தது. பிறகு கொதிக்கிற கஞ்சி மாதிரி அசைந்தது. ஒரு கறுப்புத் தலை, ஒரு துடுப்பு, அதன் பின்னால் ஒரு கூட்டமே.

“வருதுங்க. கறுப்பா இருக்கு, முதுகுல வெள்ளைக் கோடு கோடா, கோலமாவு இழுத்த மாதிரி. துடுப்பு உடம்பை விட நீளம். பெரியவங்க சட்டையைப் போட்டுக்கிட்ட பிள்ளை மாதிரி தடுக்கித் தடுக்கி வருது. ஒண்ணு என் கால்கிட்ட வந்து நிக்குது. மூச்சு வாங்குது. கண்ணுல மண்ணு. இருங்க… கிளம்பிடுச்சு. முதல் அலை வந்து புரட்டிப் போட்டுடுச்சு. மல்லாந்து கிடக்குது. நிமிர்ந்துடுச்சு! நிமிர்ந்துடுச்சுங்க. மறுபடி ஓடுது. இப்ப தண்ணில. தலை மட்டும் தெரியுது. இல்ல, இப்ப இல்ல.”

அவள் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சாம்பசிவனின் கன்னத்தில் ஈரம் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

“நானும் அன்னிக்கு வந்து இப்படித்தான் சொன்னேன், இல்ல?” என்றார்.

“சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல.”

ரயிலில் போட்ட அந்தக் கணக்கையும் அப்போது சொன்னாள். மூன்று வருஷம்தான் கேட்டீர்கள், கடல் வந்தபோது நாம் எப்படியும் அங்கே இருந்திருக்க மாட்டோம், அப்படிப் பேசிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது, உறைத்தும் உங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றாள். மெட்டில்டா எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

“எனக்கும் தெரியும்” என்றார் சாம்பசிவன். “சொல்லி என்ன ஆகப்போகுது. நீ பயந்துபோயிருந்தே. சின்ன வயசு. விடு.”

விடு என்று அவர் சொன்னது அவளை விடவில்லை. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். ஒரு வாரம் இருந்தார்கள். சாவித்ரி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். கடற்கழுகு, குரங்குக் கூட்டம், ஆற்றில் மிதந்த முதலையின் இரண்டு கண், எல்லாம். அவரைவிட அவள்தான் அதிகம் அலைந்தாள். கப்பல் கிளம்பும்போது கரை மறைகிற வரை நின்றவளும் அவள்தான்.

பெருங்களத்தூர் திரும்பிய பிறகு சாம்பசிவன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முன்பெல்லாம் பால்கனியில் உட்கார்ந்தால் தனக்குள் லேசாகச் சிரித்துக்கொள்வார். அது நின்றுபோனது. உடம்புக்கு ஏதும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஜூலையில் ஒரு சாயங்காலம், பெரிய மழை பெய்து ஓய்ந்த நேரம், சாவித்ரி நேராகவே கேட்டுவிட்டாள்.

“எம்மேல என்னங்க வருத்தம்?”

“வருத்தம்னு இல்ல.” பால்கனிக் கம்பியின் ஈரத்தை விரலால் துடைத்தார். “கண்ணு போனதுக்கப்புறம் எனக்கு அந்த வீடு ரொம்பத் தெளிவா வரும் சாவித்ரி. புன்னை மரம், அதுக்குக் கீழ பூ உதிர்ந்து கிடக்கிறது, ஓடை, பின்னாடி அந்தப் பறவை. எப்ப வேணும்னாலும் போயிட்டு வருவேன். இப்ப வரமாட்டேங்குது. நினைச்சாலே நீ சொன்னதுதான் வருது. செத்த மரமும், அந்த மூணு படியும்.”

சாவித்ரிக்கு மெட்டில்டா காட்டிய ஜாடை அப்போதுதான் புரிந்தது.

“நான் பொய் சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“உண்மையைத்தானே சொன்னே. கேட்டது நான்தானே.”

அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். சாவித்ரி ஈர நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் பார்க்கக் கூப்பிட்ட காலத்தில் பார்க்கவில்லை. அவர் பார்க்க ஆசைப்பட்டபோது காசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாம் போன பிறகு, அவர் மிச்சம் வைத்திருந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டாள். ஒவ்வொன்றையும் நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு அந்தத் தீவு வேண்டியிருந்தது. துணி உலர்த்தும்போது, பால் காயும்போது, அந்தப் பறவையின் முதுகு நிறத்துக்கு இன்னும் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் தை பிறந்ததும் மெட்டில்டா போன் செய்தாள். ஆமைகள் வர ஆரம்பித்துவிட்டன, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். சாவித்ரி பட்டும்படாமல் பேசிவிட்டு வைத்தாள். சாம்பசிவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“நீ போயிட்டு வா” என்றார்.

“நீங்க?”

“எனக்கு வேண்டாம். நான் இங்கயே உட்கார்ந்து பழசைக் கொஞ்சம் கொஞ்சமா தேடிப் பார்க்கறேன். சில நாள் அந்த ஓடை வருது இப்ப.” பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். “வந்து எங்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். அது மட்டும்தான்.”

“சொல்லாம நான் தனியா அங்க போய் என்ன பண்றது?”

“பாரு. வேற என்ன.”

சாவித்ரி ஒரு வாரம் அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டாள். பிறகு கோவிலம்பாக்கம் போய், பதினைந்து நாள் அவரோடு வந்து தங்க முடியுமா என்று சுப்ரஜாவைக் கேட்டாள்.

“தங்கறேன். ஆனா அவரை விட்டுட்டு நீ மட்டும் எதுக்குக்கா அவ்வளவு தூரம்? அந்த ஊரைத்தான் உனக்குக் கண்டாலே ஆகாதே?”

சாவித்ரி பதில் சொல்ல வாயெடுத்தாள். முப்பது வருஷத்துக் கதையை எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “கப்பல் தேதி தெரிஞ்சதும் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.